கல்லூரியில் நடத்தாத எலெக்டிவை என்பிடெல்லில் படித்து கிரெடிட்டாகச் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

உங்களுக்கு வேண்டிய எலெக்டிவ் (விருப்பப் பாடம்) பாடத்திட்டத்தில் இருக்கிறது, ஆனால் நடத்த ஆசிரியர் இல்லை. அல்லது போதிய மாணவர்கள் பெயர் கொடுக்காததால் துறை அதை எடுத்துவிட்டது. இரண்டுக்கும் முறையான மாற்று வழி ஸ்வயம், அதாவது மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளம். அதில் உள்ள என்பிடெல் (ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் திட்டம்) பாடத்தைப் படித்து, தேர்வு எழுதி, அந்த கிரெடிட்டை உங்கள் மார்க் ஷீட்டிலேயே ஏற்றலாம்.

இதில் சறுக்குபவர்கள் பெரும்பாலும் தேர்வில் சறுக்குவதில்லை. நல்ல மதிப்பெண்ணோடு சான்றிதழ் வாங்கி வந்து நீட்டும்போது, "இதுக்கு முன்கூட்டி அனுமதி வாங்கலையே" என்ற பதிலைக் கேட்டு நிற்கிறார்கள். சான்றிதழ் வேறு, கிரெடிட் வேறு. சான்றிதழைத் தருவது என்பிடெல், கிரெடிட்டைத் தருவது உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோ. அதனால் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் உங்கள் கல்லூரி அலுவலகம். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. ரெகுலேஷனைக் கையில் எடுங்கள்

நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு உரிய ரெகுலேஷன் (படிப்பின் விதித் தொகுப்பு) எது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். ஒரே கல்லூரியில் இரண்டு பேட்சுக்கு இரண்டு ரெகுலேஷன் ஓடுவது சாதாரணம். சீனியர் சொன்ன விதி அவருடைய பேட்சுக்குச் சரியாக இருந்திருக்கும், உங்களுடையதற்கு இருக்காது.

அந்த ஆவணத்தில் "ஆன்லைன் பாடங்கள்", "ஸ்வயம்", "கிரெடிட் மாற்றம்" ஆகிய சொற்களைத் தேடுங்கள். நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைக்க வேண்டும். மொத்தப் படிப்பில் எத்தனை ஆன்லைன் பாடங்கள் அல்லது எத்தனை கிரெடிட் வரை அனுமதி? எந்த வகைப் பாடத்துக்குப் பதிலாக எடுக்கலாம்: துறை எலெக்டிவா, ஓப்பன் எலெக்டிவா (வேறு துறைப் பாடம்)? எந்த செமஸ்டரிலிருந்து எடுக்கலாம்? அரியர் வைத்திருப்பவருக்கு அனுமதி உண்டா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2016 விதிமுறைகள் ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாக எடுக்க இடம் தந்தன. 2021இல் அது 40 விழுக்காடாக உயர்ந்தது. எந்தச் சூழலில் இதைப் பயன்படுத்தலாம் என்பதையும் 2016 விதிமுறைகள் சொல்கின்றன: பாடத்தை நடத்தத் தகுந்த ஆசிரியர் இல்லாதபோது, மாணவர் கேட்கும் எலெக்டிவ் கல்லூரியில் இல்லாமல் ஸ்வயத்தில் இருக்கும்போது. உங்கள் நிலைமை அதுதான் என்றால் கடிதத்தில் இந்தக் காரணத்தையே எழுதுங்கள்.

ஆனால் 40 விழுக்காடு என்பது உச்சவரம்பு. "யுஜிசி 40 சொல்லியிருக்கிறது, எனக்குத் தாருங்கள்" என்று தனி மாணவர் போய் நிற்க முடியாது. கல்லூரி ஒப்புதல் தந்த ஸ்வயம் பாடங்களை மட்டுமே மாணவர் எடுக்கலாம் என்பதும் அதே விதிமுறைகளில்தான் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் எவ்வளவை ஏற்றுக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுதான் உங்களுக்கு.

2. ஒப்புதல் தருபவர் யார் என்று கண்டுபிடியுங்கள்

தன்னாட்சிக் கல்லூரி என்றால் முடிவு கல்லூரிக்குள்ளேயே நடக்கும். துறையின் பாடத்திட்டக் குழு பரிந்துரைக்கும், கல்விக் குழு ஏற்கும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பதிவு செய்வார். இணைப்புக் கல்லூரி என்றால் உங்கள் விண்ணப்பம் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்), முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கு வாரங்கள் பிடிக்கும்.

பல கல்லூரிகள் ஒவ்வொரு செமஸ்டருக்கும் "ஏற்கப்பட்ட என்பிடெல் பாடங்கள்" என்று ஒரு பட்டியலை வெளியிடுகின்றன. உங்களுக்கு வேண்டிய பாடம் அதிலேயே இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் பட்டியலில் சேர்க்கச் சொல்லி துறையிடம் கேளுங்கள். ஒருவராகப் போவதைவிட அதே பாடம் தேவைப்படும் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்தால் துறைக் கூட்டத்தில் எடுத்துப் பேச எளிதாக இருக்கும்.

என்பிடெல்லின் லோக்கல் சாப்டராக (கல்லூரி அளவிலான கிளையாக) பதிவுசெய்த கல்லூரிகளில் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். மாணவர்கள் அவரை "ஸ்பாக்" என்பார்கள். அவரை முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். கல்லூரியில் இதற்கு முன் யாருடைய கிரெடிட் ஏறியது, எந்தப் படிவம், எந்த அலுவலகம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

3. பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்: வாரக் கணக்கு முக்கியம்

என்பிடெல் பாடங்கள் 4, 8, 12 வாரம் என மூன்று அளவில் வருகின்றன. வீடியோ நேரம் ஏறத்தாழ 10, 20, 30 மணி. கிரெடிட் கணக்கில் வழக்கமாக 1, 2, 3 என்று எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் எலெக்டிவுக்கு 3 கிரெடிட் என்றால் 12 வாரப் பாடத்தைத்தான் தேட வேண்டும். 8 வாரப் பாடம் சுலபம் என்று எடுத்தால் 1 கிரெடிட் குறையும். பட்டத்துக்கு வேண்டிய மொத்த கிரெடிட்டில் ஒன்று குறைந்தாலும் பட்டம் நிற்கும். 8 வாரம் ஒன்றும் 4 வாரம் ஒன்றும் சேர்த்து 3 ஆக்கிக்கொள்ளச் சில கல்லூரிகள் விடும், சில விடாது. விடும் என்று எழுத்தில் இல்லாதவரை விடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம். 12 வாரப் பாடச் சான்றிதழில் பரிந்துரைக்கும் கிரெடிட் "3 அல்லது 4" என்று அச்சாகியிருக்கும். அதைக் காட்டி 4 கிரெடிட் கேட்பவர்கள் உண்டு. அந்த வரி ஒரு பரிந்துரைதான். எத்தனை என்பதைக் கல்லூரி தீர்மானிக்கும்.

கலை, அறிவியல் மாணவர்களுக்கு: உங்கள் பாடம் என்பிடெல்லில் இல்லாமல், ஸ்வயத்தின் மற்ற ஒருங்கிணைப்பு நிறுவனங்களிடம் இருக்கலாம். வரலாறு, வணிகவியல், மொழிப் பாடங்கள் பலவும் கல்வித் தொடர்பியல் கூட்டமைப்பு, இக்னோ ஆகியவற்றின் பெயரில் இருக்கும். அவற்றுக்குத் தேர்வு நடத்துவது தேசியத் தேர்வு முகமை, உள்மதிப்பீடு 30, இறுதித் தேர்வு 70. பதிவு, கட்டணம், தேர்வு நாள் எல்லாமே வேறு. அனுமதி வாங்கும் முறை மட்டும் இங்கே சொல்வதுதான்.

பாடத்தை முடிவு செய்யுமுன் அதன் பக்கத்தில் தேர்வு நாளைப் பாருங்கள். அது எப்போதும் முன்கூட்டியே போட்டிருக்கும். உங்கள் செமஸ்டர் தேர்வோடோ பிராக்டிகலோடோ மோதினால் இப்போதே வேறு பாடம் தேடுவது நல்லது.

4. சிலபஸ் ஒப்பீட்டுத் தாள் தயாரியுங்கள்

இதைச் செய்யாமல் போகிறவர்களின் விண்ணப்பம்தான் மேசையிலேயே கிடக்கிறது. எச்.ஓ.டி.க்கு உங்களுக்காக உட்கார்ந்து 12 வாரப் பாடத்திட்டத்தைப் படிக்க நேரம் இருக்காது. அந்த வேலையை நீங்கள் செய்து கொடுத்தால் அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஒரு தாளில் இரண்டு நெடுவரிசை போடுங்கள். இடப்பக்கம் உங்கள் எலெக்டிவின் ஐந்து யூனிட், ஒவ்வொன்றிலும் உள்ள தலைப்புகள். வலப்பக்கம் அந்தத் தலைப்பு என்பிடெல் பாடத்தின் எந்த வாரத்தில் வருகிறது. வராத தலைப்புக்கு நேரே "இல்லை" என்று நேர்மையாக எழுதுங்கள். வராததை வருகிறது என்று எழுதி அது பாடத்திட்டக் குழுவில் தெரிந்தால், மொத்த விண்ணப்பமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். எத்தனை விழுக்காடு ஒத்துப்போனால் போதும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

உங்கள் பாடத்திட்டத்திலேயே இல்லாத புதிய பாடத்தை எலெக்டிவாகக் கேட்கிறீர்கள் என்றால் கேள்வி தலைகீழாகும். அப்போது அது ஏற்கெனவே படித்த அல்லது படிக்கப்போகும் கட்டாயப் பாடத்தோடு ஒத்துப்போகக் கூடாது. இரண்டு முறை ஒரே பாடத்துக்கு கிரெடிட் தர முடியாதே. மூன்றாம் செமஸ்டரில் தரவுக் கட்டமைப்பு படித்தவர் அதே பாடத்தின் என்பிடெல் வடிவத்தை எலெக்டிவாகக் கேட்டால் மறுப்பு நிச்சயம். பெயர் வேறாக இருந்தும் உள்ளே அதே பாடம் இருப்பதுண்டு, அதனால் வார வாரியாகப் பாருங்கள்.

5. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

வகுப்பு வாசலில் "எடுத்துக்கோப்பா, பார்த்துக்கலாம்" என்று சொல்வது அனுமதி ஆகாது. சொன்ன ஆசிரியர் அடுத்த செமஸ்டரில் வேறு கல்லூரியில் இருக்கலாம். தேர்வுப் பிரிவுக்குத் தேவை தாள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> நான் ______ துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பதிவு எண் ______. ஆறாம் செமஸ்டரில் துறை எலெக்டிவாக ______ (பாடக் குறியீடு ______, 3 கிரெடிட்) படிக்க விரும்புகிறேன். இந்த செமஸ்டரில் அது நடத்தப்படவில்லை. அதற்குப் பதிலாக ஸ்வயம் தளத்தில் ______ நிறுவனம் வழங்கும் ______ என்ற 12 வார என்பிடெல் பாடத்தை (குறியீடு ______) படித்து, அந்த கிரெடிட்டை என் பாடத்திட்டத்தில் சேர்க்க ரெகுலேஷன் பிரிவு ______இன்படி அனுமதி வேண்டுகிறேன்.
>
> மதிப்பெண் மாற்றும் முறையையும், சான்றிதழ் சமர்ப்பிக்க வேண்டிய கடைசி நாளையும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> இணைப்பு: சிலபஸ் ஒப்பீட்டுத் தாள்.

பாடக் குறியீடு இரண்டையும் எழுதுவது அவசியம். ஒரே தலைப்பில் இரண்டு ஐ.ஐ.டி.கள் தனித்தனிப் பாடம் நடத்துவதுண்டு. பெயரை மட்டும் எழுதி அனுமதி வாங்கி, மற்றொன்றில் சேர்ந்து தேர்வும் எழுதியவருக்கு கிரெடிட் கிடைப்பது சிரமம்.

கடைசிப் பத்தியில் கேட்டிருக்கும் மதிப்பெண் மாற்றும் முறையை விட்டுவிடாதீர்கள். என்பிடெல் சான்றிதழில் 100க்கு எத்தனை என்பதுதான் இருக்கும், கிரேடு பாயிண்ட் இருக்காது. அதை உங்கள் கல்லூரி தன் அளவுகோலில் மாற்ற வேண்டும். இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. என்பிடெல்லில் 40 வாங்கினால் சான்றிதழ் உண்டு. ஆனால் பல பொறியியல் கல்லூரிகளில் தேர்ச்சி மதிப்பெண் 50. 46 வாங்கியவரிடம் சான்றிதழ் இருக்கும், கிரெடிட் ஏறாது. உங்களுடைய குறைந்தபட்சம் எது என்பதை இப்போதே தெரிந்துகொண்டால்தான் எந்த எண்ணைக் குறிவைத்துப் படிப்பது என்று தெரியும்.

கையெழுத்தும் முத்திரையும் தேதியும் உள்ள நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அதன் ஸ்கேனைத் துறை அலுவலக மின்னஞ்சலுக்கு உடனே அனுப்பிவிடுங்கள். கோப்பு தொலைந்தாலும் தேதியோடு ஒரு பதிவு இருக்கும்.

அனுமதி வர நாளாகிறது, பாடத்தில் சேரும் கடைசி நாள் நெருங்குகிறது என்றால் சேர்ந்துவிடுங்கள். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளுக்குள் அனுமதி கையில் இருக்க வேண்டும், அதுதான் உண்மையான கெடு.

6. பெயர், மின்னஞ்சல், ஏபிசி எண்: மூன்றையும் ஒழுங்காக்குங்கள்

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இங்கே மட்டும் தனித் தொல்லை ஒன்று உண்டு, அது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, கல்லூரிப் பதிவில் பெயருக்கு முன் இனிஷியல் என்று மூன்று வடிவில் ஒரே ஆள் இருப்பார். கணினி இவரை மூன்று பேராகப் பார்க்கும்.

ஏபிசி எனப்படும் கல்வி கிரெடிட் வங்கியின் எண் 12 இலக்கம். டிஜிலாக்கர் வழியாக ஆதாரை வைத்து உருவாக்கலாம். அதனால் அதில் ஆதார் பெயர்தான் வரும். ஆதார் பெயரும் கல்லூரிப் பதிவும் மாறியிருந்தால் இரண்டில் ஒன்றைத் திருத்த இப்போதே விண்ணப்பியுங்கள். ஆதார் திருத்தத்துக்கு நாள் பிடிக்கும், கடைசி வாரத்தில் ஓடினால் நடக்காது.

என்பிடெல் தேர்வுப் படிவத்தில் நீங்கள் தட்டும் பெயர் அப்படியே சான்றிதழில் அச்சாகும். கல்லூரி மார்க் ஷீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே அங்கும் போடுங்கள். புள்ளி, இடைவெளி உட்பட.

மின்னஞ்சல் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பாடத்தில் ஒரு ஜிமெயிலில் சேர்ந்து, தேர்வுக்குக் கல்லூரி மின்னஞ்சலில் பதிவுசெய்தால் உங்கள் அசைன்மென்ட் மதிப்பெண் தேர்வோடு சேராது. தேர்வில் எத்தனை வாங்கினாலும் அசைன்மென்ட் பூஜ்யம் என்றே நிற்கும். பட்டம் வாங்கியதும் கல்லூரி மின்னஞ்சலை மூடிவிடும் கல்லூரிகளும் உண்டு. ஆகவே சொந்த மின்னஞ்சலே மேல்.

7. பாடத்தில் சேருங்கள்

ஜூலை பருவம், ஜனவரி பருவம் என ஆண்டுக்கு இரண்டு முறை பாடங்கள் ஓடுகின்றன. ஜூலை பருவத்தின் 12 வாரப் பாடத்துக்குத் தேர்வு அக்டோபர் கடைசியை ஒட்டி வரும். ஜனவரி பருவத்துக்கு ஏப்ரலில்.

சேரும்போது வரும் படிவத்தில் லோக்கல் சாப்டர் மாணவரா என்று கேட்கும். ஆம் என்று சொல்லி, பட்டியலிலிருந்து உங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள், பதிவு எண்ணையும் துறையையும் நிரப்புங்கள். ஒரே பெயரில், ஒரே அறக்கட்டளையின் கீழ் இரண்டு மூன்று கல்லூரிகள் இருப்பது நம் ஊரில் சகஜம். ஊர்ப் பெயரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் ஸ்பாக்கின் பட்டியலில் உங்கள் பெயர் வராது, கல்லூரி உங்களைப் பின்தொடரவும் முடியாது.

எட்டாம் செமஸ்டருக்கு இதைத் தள்ளிவைக்காதீர்கள். தேர்வு ஏப்ரலில், முடிவு அதற்கும் சில வாரம் கழித்து. அதற்குள் கல்லூரி இறுதி செமஸ்டர் முடிவுகளை மூடிவிட்டால், வேலையில் சேரும் நாளில் புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்) இல்லாமல் நிற்க நேரும். ஐந்தாம் அல்லது ஆறாம் செமஸ்டரில் எடுப்பவருக்கு, ஒருமுறை தவறினாலும் மறுபடி எடுக்க அவகாசம் இருக்கும்.

8. அசைன்மென்ட்: 12இல் சிறந்த 8

இறுதி மதிப்பெண்ணில் 25 அசைன்மென்ட்டுக்கு, 75 நேரடித் தேர்வுக்கு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டின் சராசரியை எடுப்பார்கள். 8 வாரத்தில் சிறந்த 6, 4 வாரத்தில் சிறந்த 3.

சான்றிதழுக்கு இரண்டு நிபந்தனைகள் தனித்தனியே நிறைவேற வேண்டும்: அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30. மொத்தம் 40 தாண்டினால் போதும் என்று நினைப்பது தவறு. அசைன்மென்ட் சராசரி 90, தேர்வில் 100க்கு 38 வாங்கியவரைப் பாருங்கள். 22.5 கூட்டல் 28.5, மொத்தம் 51. ஆனாலும் சான்றிதழ் கிடையாது, தேர்வுப் பகுதி 30ஐத் தொடவில்லை.

மறுபக்கமும் அப்படியே. மூன்றே அசைன்மென்ட் போட்டு ஒவ்வொன்றிலும் 90 வாங்கினால், மற்ற ஐந்தும் பூஜ்யமாகி சராசரி 33.75. அது 25க்கு 8.4தான். இனி தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் பயனில்லை. இதை அறியாமல் தேர்வுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள்.

முதல் வார அசைன்மென்ட்டைப் பலர் தவறவிடுவது, கெடு இன்னும் நாள் இருக்கிறது என்ற நினைப்பில். பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59க்கு மூடும். கெடு நீட்டிப்பு கேட்டு எழுதுவது வீண். கெடுவுக்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் சமர்ப்பிக்கலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கில் வரும். ஆகவே திங்கட்கிழமையே ஒருமுறை போட்டுவிட்டு, பிறகு திருத்திப் போடுங்கள். மின்வெட்டோ நெட் கோளாறோ வந்தாலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும்.

விடைகளை டெலிகிராம் குழுவில் எடுத்துப் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அசைன்மென்ட்டில் 25க்கு 24 வந்துவிடும். தேர்வு மையத்தில் அந்தக் குழு இருக்காது. அசைன்மென்ட் கேள்விகளைச் சொந்தமாகப் போட்டுப் பார்த்தவருக்கு இறுதித் தேர்வின் போக்கு பழகியிருக்கும். நகலெடுத்தவருக்கு அந்தப் பழக்கமே இருக்காது. மேலே சொன்ன 38 பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறது.

வீடியோவைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் தடையாக இருந்தால், பல பாடங்களுக்கு என்பிடெல் தமிழிலும் உரைப் பிரதி தருகிறது. பாடப் பக்கத்திலேயே தேடிப் பாருங்கள்.

9. தேர்வுக்குத் தனியாகப் பதிவுசெய்யுங்கள்

பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைத்து மாட்டுபவர்கள் நிறைய. தேர்வுக்குத் தனிப் படிவம், தனிக் கட்டணம். பாடத்துக்கு 1000 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதிக் கட்டணம், சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும். அந்தச் சான்றிதழ் தெளிவில்லாமல் இருந்தால் சலுகை போய்விடும், ஆகவே மொபைலில் எடுத்த மங்கலான படத்தைப் போடாமல் ஒழுங்காக ஸ்கேன் செய்யுங்கள்.

தேர்வுப் பதிவு, பாடம் தொடங்கிய சில வாரங்களிலேயே மூடிவிடும். தேர்வுக்குப் பல வாரம் முன்பே. "படித்து முடித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று பார்க்கலாம்" என்று காத்திருக்க முடியாது என்பது இதனால்தான்.

தேர்வு ஊர்களை வரிசைப்படுத்திக் கேட்கும். இடங்கள் முதலில் வருபவருக்கே. கடைசி நாளில் பதிவுசெய்த திருவாரூர் மாணவருக்குத் தஞ்சாவூர் நிரம்பி திருச்சி கிடைக்கலாம். காலை 9 முதல் 12, பிற்பகல் 2 முதல் 5 என இரண்டு அமர்வுகள். தொலைவிலிருந்து வருபவர் பிற்பகலைக் கேட்பது நல்லது. ஒரே நாளில் இரண்டு பாடத் தேர்வு என்றால் இரண்டையும் வெவ்வேறு அமர்வில் வைக்க முடிகிறதா என்று கட்டணம் கட்டுமுன் பாருங்கள்.

கட்டியதும் ரசீதைச் சேமியுங்கள். சில கல்லூரிகள் தேர்ச்சி பெற்றவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன, ரசீது இல்லாமல் அது நடக்காது.

10. தேர்வு நாள்

ஹால் டிக்கெட்டை அச்சிட்டு எடுத்துப் போங்கள். அசல் அடையாள அட்டை வேண்டும். ஜெராக்ஸும் மொபைலில் உள்ள படமும் செல்லாது. ஹால் டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஆறாம் படியைச் செய்திருந்தால் இங்கே கவலை இல்லை.

மையம் பெரும்பாலும் நகருக்கு வெளியே ஏதாவது பொறியியல் கல்லூரியில் இருக்கும். பேருந்து எத்தனை மணிக்கு என்று முதல்நாளே விசாரித்து வையுங்கள்.

11. சான்றிதழ் வந்ததும் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்

40 முதல் 59 வரை வெறும் நிறைவுச் சான்றிதழ், 60 முதல் 74 எலீட், 75 முதல் 89 எலீட் வெள்ளி, 90உம் அதற்கு மேலும் எலீட் தங்கம். கிரெடிட்டுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் கணக்கில்லை, மொத்த மதிப்பெண்தான் கணக்கு.

சான்றிதழ் மின்வடிவில் மட்டும் வரும், க்யூஆர் குறியீட்டோடு. அதை அச்சிட்டு, அனுமதிக் கடிதத்தின் நகல், தேர்வுக் கட்டண ரசீது, ஏபிசி எண் ஆகியவற்றோடு ஒரே உறையில் வைத்து, எச்.ஓ.டி. பரிந்துரையுடன் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். ஸ்பாக் எல்லாருடைய பட்டியலையும் சேர்த்து அனுப்புவார் என்றாலும், அதில் உங்கள் பெயரும் சரியான பாடக் குறியீடும் இருக்கின்றனவா என்று ஒருமுறை நேரில் பாருங்கள்.

அதே செமஸ்டரில் அந்த எலெக்டிவ் இடத்தில் வேறு பாடத்துக்கும் உங்கள் பெயர் பதிவாகியிருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வராத தேர்வுக்கு "ஆப்சென்ட்" விழுந்து, இல்லாத பாடத்தில் அரியர் வந்து நிற்கும். அடுத்த மார்க் ஷீட் வரும்வரை இது தெரியாது என்பதுதான் இதில் கெட்டது.

மார்க் ஷீட் வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: பாடப் பெயர், கிரெடிட், கிரேடு. தவறு இருந்தால் முடிவு வெளியான சில நாட்களுக்குள் எழுத்தில் கொடுங்கள். பட்டமளிப்புக்குச் சில மாதம் முன்பு கண்டுபிடித்தால் அதைத் திருத்தக் கல்விக் குழுவரை போக வேண்டியிருக்கும்.

12. கல்லூரி மறுத்தால்

மறுப்பையும் எழுத்தில், காரணத்தோடு கேளுங்கள். "சிலபஸ் ஒத்துப்போகவில்லை" என்றால் வேறு நிறுவனத்தின் பாடத்தை வைத்து மறுபடி ஒப்பீட்டுத் தாள் கொடுக்கலாம். "ரெகுலேஷனில் இடமில்லை" என்றால் அந்த பேட்சுக்கு இந்தக் கதவு மூடியது, அடம்பிடித்துப் பயனில்லை.

அப்போது மூன்று வழிகள் மிச்சம். முதலாவது, வேறு துறை அதே பாடத்தை நடத்துகிறதா என்று பார்த்து ஓப்பன் எலெக்டிவாகக் கேட்பது. இயந்திரவியல் துறையில் கைவிட்ட பாடம் உற்பத்திப் பொறியியலில் ஓடிக்கொண்டிருப்பதுண்டு. இரண்டாவது, எலெக்டிவ் நடத்தத் தேவையான குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கையைக் கேட்டு, ஜூனியர் பேட்சையும் சேர்த்து அந்த எண்ணிக்கையைத் திரட்டித் துறையிடம் தருவது. எலெக்டிவ் விருப்பப் படிவம் முந்தைய செமஸ்டரின் கடைசி வாரங்களில்தான் வரும், அதற்கு முன்பே பெயர்களைச் சேர்த்தாக வேண்டும். மூன்றாவது, சில ரெகுலேஷன்களில் உள்ள சுயகற்றல் பாடம்: ஆசிரியர் ஒருவர் வழிகாட்ட, வகுப்பு இல்லாமல் படித்து வழக்கமான தேர்வை எழுதுவது. இதற்குப் பெரும்பாலும் குறைந்தபட்ச சிஜிபிஏ கேட்பார்கள், அரியரும் இருக்கக் கூடாது.

கிரெடிட் எதுவும் வேண்டாம், பாடம் தெரிந்தால் போதும் என்பவருக்கு இத்தனை படிகளும் தேவையில்லை. ஸ்வயத்தில் கட்டணமில்லாமல் சேர்ந்து, வீடியோ பார்த்து, அசைன்மென்ட் போட்டுப் படிக்கலாம். தேர்வுக்குப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டால் ஒரு பைசா செலவில்லை.